இரண்டு நாள் தள்ளிப் பிறந்தவள்

கோணலாக ஒட்டியிருக்கிறான் என்றுதான் கோகிலவாணிக்கு முதலில் தோன்றியது. பேருந்து நிறுத்தத்துச் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வலது மூலை ஒரு விரற்கடை தாழ்ந்து, மைதாப் பசை இன்னும் காயாமல் ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. பனியன் கம்பெனியில் பத்து வருடம் செக்கிங் டேபிளில் நின்றால் கண் அப்படித்தான் ஆகிப்போகும். சட்டையைப் பார்த்தால் தையல் பிசகு, சுவரைப் பார்த்தால் பூச்சுப் பிசகு, நல்லது எதுவும் கண்ணில் படாது, நல்லதைப் பார்க்கச் சொல்லி அவளை யாரும் வேலைக்கு வைக்கவும் இல்லை. கம்பெனி வேன் எட்டு நாற்பதுக்கு. மணி எட்டு ஐந்து. சாப்பாட்டுப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு கிழவர், பாவம், எந்த வீட்டு ஆளோ என்று பார்வையை நகர்த்தப் போனவள் அந்த மூக்கில் நின்றுவிட்டாள். நுனியில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த மூக்கு. அப்புறம் காது, காதோரத்து மயிர். முகம் ஒரேயடியாக வந்து சேரவில்லை, தவணையில் வந்தது. அப்புச்சி. அம்மாவைப் பெற்றவர், அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளை வளர்த்தவர். நாச்சிமுத்து என்று கீழே போட்டு, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் பேரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே முன்பின் தெரியாத எவனுடையதோ ஒரு வெள்ளைச் சட்டையைக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டன் போட்ட சட்டை. அப்புச்சி ஆயுசில் கழுத்துப் பட்டன் போட்டதில்லை, மூச்சு முட்டுது அம்மிணி என்பார். இப்போது போட்டுவிட்டார்கள், இனிமேல் முட்டுவதற்கு மூச்சு இல்லை என்ற தைரியம். அவளுக்கு அழுகை வரவில்லை. பட்டன்தான் உறுத்தியது. என்ன பிறவி நான் என்று தன்மேலேயே ஒரு எரிச்சல் வந்தது.

"ஏனுங்கண்ணா, இது எப்பங்க?" என்று பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டாள். தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்பதுபோல இருந்தது அவள் குரல். "நேத்துச் சாயங்காலமுங்கம்மிணி" என்றார் அவர், வாழைத்தாரைக் கயிற்றில் மாட்டிக்கொண்டே. "காப்பி குடிச்சிட்டு இருந்தவரு டம்ளரக் கீழ வெச்சுட்டு அப்படியே சாஞ்சுட்டாராமா. நல்ல சாவுங்க. விசைத்தறி லோகநாதன் இருக்காருல்லங்க, அவரோட அப்பா. அதான் டவுனு பூராவும் போஸ்டரு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. அது அவர்தான். சிந்திவிட்டுச் சாகிற ஆளில்லை. நேற்றுச் சாயங்காலம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? மெரூன் கலர் டீசர்ட் நானூறு உருப்படி, கழுத்துப் பட்டி சுருக்கம், ஒவ்வொன்றாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மனசுக்குள் ஏதாவது திடுக்கென்றதா, கை நடுங்கியதா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பக்கத்து டேபிள் மும்தாஜ் சொன்ன எதற்கோ சிரித்துக்கூட இருந்தாள். வளர்த்த மனுசன் சாகிற நேரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் தெருவில் நின்று பெட்டிக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிகிறது. போஸ்டரில் ஆழ்ந்த வருத்தத்துடன் என்று போட்டு, மகன் லோகநாதன், மருமகள் சாவித்திரி, பேரன்கள் இரண்டு பேர். பேத்தி என்ற சொல்லே இல்லை. இறுதி ஊர்வலம் இன்று காலை பதினோரு மணியளவில். எட்டு இருபத்தைந்துக்கு ஊருக்கு டவுன் பஸ் இருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அம்மா செத்த அன்றைக்கு, ஒன்பது வயதுக்காரியாக சுடுகாட்டுப் பக்கம் போகவிடாமல் அவளை வாசலிலேயே நிறுத்தியபோது, அப்புச்சி திரும்பி வந்து அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து சொன்னார்: "அழுவாத சாமி. நாஞ் செத்தா நீதான் முன்னால நின்னு நெய்ப்பந்தம் புடிக்கோணும். உன்ற மாமன் பசங்க கண்ணுல பொகை பட்டா ஓடிப்போயிருவானுக. நீ நிப்ப." அவள் இன்னும் அதிகமாக அழுதாள். அவர் சிரித்தார். மகளை எரிக்கக் கொண்டுபோகிற நேரத்தில் எப்படிச் சிரித்தாரோ. நீ நிப்ப என்றாரே, அந்தச் சொல்லைத்தான் இருபது வருடமாக உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள், எந்தக் காரியத்திலும் காலூன்ற வேண்டி வந்தால் அது வந்து பக்கத்தில் நிற்கும்.

பைக்குள் போன் அதிர்ந்தது. ரூபன்தான், அவள் புருசன், அவனும் எங்கேயோ பார்த்துவிட்டான். "வாணி, எங்க நிக்கற?" "ஸ்டாப்புல." "செவுத்தப் பாத்தியா?" "பாத்துட்டேன்." அவன் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "போறியா? போறதுன்னா சொல்லு, லீவு சொல்லிட்டு வந்தர்றேன், ரெண்டு பேரும் போலாம். எட்டு வருசமாச்சு, இன்னும் என்ன பண்ணிருவாங்க?" "நீ வேண்டாம்." "செரி, நீ மட்டும் போ. போகாம இருந்துட்டு அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத." "நான் எப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சேன்?" "செரி, நீ வெக்கல" என்றான் அவன். நல்ல மனுசன். நல்ல மனுசனோடு குடித்தனம் நடத்துவதில் இருக்கிற கஷ்டம் யாருக்கும் தெரியாது, கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வீட்டில் ஒரு இடம் இருக்காது. "போறேன்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் முடிவெடுத்திருப்பது அவளுக்கே தெரிந்தது. போவாள். மாமன் லோகநாதன், அவள் ஊர் எல்லையில் கால் வைத்தால் காலை எடுத்துவிடுவேன் என்று எட்டு வருடம் முன்னால் சொல்லியனுப்பினானே, எடுக்கட்டும், பந்தல் முன்னால் நூறு பேர் நடுவில் வைத்து எடுக்கட்டும். சாவித்திரி அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சொந்தக்கார ஒறம்பரைச் சனமெல்லாம் ஒருத்தர் காதை ஒருத்தர் கடிக்கும். பந்தத்தைக் கையில் தரமாட்டார்கள். பரவாயில்லை, தூரத்தில் புளியமரத்தடியில் வெறுங்கையோடு நிற்பாள். அப்புச்சிக்குத் தெரியும். மாமன் என்ன சொன்னாலும் அப்புச்சி அப்படி இல்லை, அந்த ஒன்றை வைத்துத்தானே எட்டு வருடம் சோறு இறங்கியிருக்கிறது. வேலைக்குப் போகும்போது போட்டிருந்த மஞ்சள் சுடிதாரைக் குனிந்து பார்த்தாள். கேதத்துக்கு இப்படியா போவது என்று இருந்தது. போய் மாற்றிக்கொண்டு வர நேரமில்லை.

இன்னும் பத்து நிமிடம். போஸ்டர் முன்னால் போய் நின்றாள், கடைசியாகக் கிட்டத்தில் பார்ப்பது இதுவாகவும் இருக்கலாம். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. தோற்றம்: 13.09.1940. படத்துக்கு இடப்பக்கம், அகல்விளக்குப் படத்துக்கு மேலே. மறைவு வலப்பக்கம், நேற்றைய தேதி. தோற்றத்தைப் படித்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது, எழவு விழுந்த நேரத்தில். ஏனென்றால் அந்தத் தேதி அவள் போட்டது. அப்புச்சிக்குப் பிறந்த நாள் என்று ஒன்று கிடையாது. பெரிய புயலடித்து முடிந்த பிறகு பிறந்தேன் என்பார், எந்தப் புயல் என்று கேட்டால் அப்போது நான் வயிற்றில் இருந்தேன் எனக்கென்ன தெரியும் என்பார். ஆதார் அட்டைக்கு எழுத ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றபோது அவள் பிளஸ் ஒன். அங்கே உட்கார்ந்திருந்தவன் தேதி தெரியாத கிழடுகளுக்கெல்லாம் கேட்காமலே சனவரி ஒன்று என்று தட்டிக்கொண்டிருந்தான். பாதி ஊர் அன்றைக்கு ஒரே நாளில் பிறந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. என்ற அப்புச்சிக்கு அப்படிப் போடாதீங்க, நாங்க யோசிச்சுச் சொல்றோம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டாள். அங்கே வைத்துத்தான் அவர் சொன்னார். அவர் குரலைத் தணித்துப் பேசி அவள் கேட்டது அது ஒரு தடவைதான். "அம்மிணி, நீ செப்டம்பரு பதினஞ்சாந் தேதி பொறக்கல. பதிமூணு. உன்ற அம்மாளுக்கும் எனக்கும் மட்டுந்தாந் தெரியும். அவ போயிட்டா." பதின்மூன்றாம் தேதி மூல நட்சத்திரம். மூலத்தில் பெண் பிறந்தால் கட்டிக்கொண்டு போகிற வீட்டில் மாமனாருக்கு ஆகாது என்று சாதகத்தைக் கையால் தொடமாட்டார்கள். டவுனில், இப்போது உயிரோடு இல்லாத ஒரு நர்சம்மா வீட்டில் பிரசவம், கூட இருந்தது அவர் ஒருத்தர்தான். அடுத்த நாள் என்று சொல்லலாம் என்றால் அது பூராடம், அதற்கும் ஒரு குறை சொல்வார்கள். இரண்டு நாள் பேசாமல் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் உத்திராடம் பிறந்ததும் ஊருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் ஆளனுப்பினார், பொண்ணு பொறந்திருக்குது என்று. மணியகாரரிடமும் அதே தேதி, சோசியரிடமும் அதே தேதி. வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனுசன் என்று ஊரே சொல்லும். சொன்ன ஒரு பொய்யும் அவளுக்காகச் சொன்னது, அதையும் சாமிக்கும் நட்சத்திரத்துக்கும் எதிரே நின்று சொன்னது.

"பதிமூணாந் தேதிய எனக்குப் போட்டுரு" என்றார் வேப்பமரத்தடியில். "உன்னோட நெசத் தேதி எங்கியாச்சும் இருக்கோணுமல்ல. என்ற அட்டைல ஒளிஞ்சு கெடக்கட்டும்." அப்படித்தான் அது அவருடைய தேதி ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பதினைந்தாம் தேதி வீட்டில் பாயசம், அத்தை எடுத்துக் கொடுக்கிற பாவாடைத் துணி, பிறந்த நாள். பதின்மூன்றாம் தேதி ஒருத்தருக்கும் தெரியாமல் அவரும் அவளும் டவுனில் பஸ் ஸ்டாண்டுப் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும். அவர் பன்னைப் பிட்டு டீயில் முக்கி, முக்கியது உடைந்து டம்ளருக்குள் விழுந்து, அதை விரலால் தேடுவார். ரெண்டு பேருக்கும் பொறந்த நாளுங்களா என்று கல்லாக்காரர் ஒரு வருடம் கேட்டபோது, இல்லீங்க சும்மா என்றார், பொய் சொல்லிப் பழகிவிட்டது. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவரும் அவர்தான், கயிறு முறுக்குவதுபோல முறுக்கிப் பின்னி, கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும், வகுப்பில் சீனாக்காரி என்பார்கள், அவள் அவிழ்க்கவே மாட்டாள். அந்தத் தலையைத்தான் ரூபன் போட்ட மாலைக்குக் குனிந்து கொடுத்தாள். ஒரே கம்பெனி, ஒரே வேன். அவன் எந்தத் தெரு, என்ன சாதி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். பிப்ரவரி மாதம், ரிஜிஸ்தர் ஆபீஸ், மாலை, மூன்று சாட்சி. அந்தி சாய்வதற்குள் ஊரில் அவளைத் தலை முழுகிவிட்டார்கள். மறுநாள் அவளோடு படித்த ரேவதி வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினாள், கீழே ஒரு சொல்கூட இல்லாமல். ஊர்ச் சாவடிச் சுவர். கண்ணீர் அஞ்சலி. செல்வி கோகிலவாணி. மாமன் பையன் காதுகுத்தில் எடுத்த போட்டோவை வெட்டி, பூமாலை சுற்றி, உயிரோடு இருப்பவளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெண் வேறு சாதியில் போய்விட்டால் அப்படிச் செய்வது உண்டு, கேள்விப்பட்டிருக்கிறாள். தனக்கும் நடக்கும் என்று நினைக்கவில்லை, யார்தான் நினைப்பார்கள். அந்தக் காதுகுத்துப் படத்தில் அப்புச்சி பக்கத்தில் நின்று அவள் தோளில் கை போட்டிருந்தார். வெட்டியவன் அவரை நீக்கினான், விரல்களை நீக்க மறந்தான். மாலைக்கு மேலே அவளுடைய இடத் தோளில் நாலு விரல், ஒன்றில் செப்பு மோதிரம், அப்படியே இருந்தது. அழுது அழுது பார்த்ததில் அந்த விரல்கள்தான் அவளுக்கு மிஞ்சின. இது மாமன் வேலை, அப்புச்சிக்கு இதில் சம்பந்தமில்லை, அவர் கை இன்னும் என் தோளில்தான் இருக்கிறது என்று அன்றைக்கே ரூபனிடம் சொன்னாள். அவன் அழித்துவிடு என்றான். அழிக்கவில்லை. போன் இரண்டு தடவை மாறியும் அந்தப் படம் கூடவே வந்தது.

ஒரு தடவை கூப்பிட்டாள். கல்யாணமாகி அந்தச் செப்டம்பரில், அதே பதின்மூன்று, அதே பேக்கரி வாசலில் நின்றுகொண்டு. அவரே எடுத்தார். யாரு என்றார். "அப்புச்சி" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தப்பான நம்பருங்க" என்றார். ங்க. வாடி போடி என்றுகூடச் சொல்லாமல் வா சாமி, போ சாமி என்று இருபத்திரண்டு வருடம் கூப்பிட்டவர் அவளுக்கு மரியாதை கொடுத்தார். தெரியாதவர்களுக்குக் கொடுப்போமே அந்த மரியாதை. மாமன் பக்கத்தில் நின்றிருப்பான், அதனால் அப்படிப் பேசினார் என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்து, தேங்காய் பன் வாங்கித் தனியாகத் தின்றாள். ஒவ்வொரு வருடமும் தின்றாள். அவரும் அங்கே எந்தப் பேக்கரியிலோ உட்கார்ந்து டம்ளருக்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். மூலத்துக்காரி போன வீட்டில் மாமனார் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார், எழுபத்தெட்டு வயதில் சைக்கிள் மிதிக்கிறார், இதை மட்டுமாவது அவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தாள். சொல்ல முடியாமலே போய்விட்டது. தோற்றம்: 13.09.1940. விரல் நீட்டி அந்த எண்களைத் தொட்டாள், ஈரமாக இருந்தது. மாமனுக்கு இது என்ன தேதி என்றே தெரியாது, அட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்திருப்பான். உலகத்தில் இதன் அர்த்தம் தெரிந்தவள் இனிமேல் நான் ஒருத்திதான் என்று நினைத்தபோது ஒருவழியாக அழுகை வரும் போலிருந்தது. வரட்டும் என்று காத்திருந்தாள். அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. தோற்றம் என்று என்னுடைய போஸ்டரிலும் போட்டிருந்தார்களே. எட்டு வருடமாக அந்தப் படத்தில் விரல்களைப் பார்த்திருக்கிறாள், பெயரைப் பார்த்திருக்கிறாள், செல்வி என்ற சொல்லைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். எண்களைப் பார்த்ததில்லை. அவள் பிறந்த தேதி அவளுக்குத் தெரியாதா, அதில் பார்க்க என்ன இருக்கிறது. ஊருக்கெல்லாம் பதினைந்து. பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் பதினைந்து, சாதகத்தில் பதினைந்து. மாமனுக்கும் அத்தைக்கும் பதினைந்து. அதிலும் பதினைந்து என்றுதான் இருக்கும். இருக்க வேண்டும். போனை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். கீழே, கீழே, இன்னும் கீழே தள்ளி, எட்டு வருடம் ஆழத்தில் அது கிடந்தது. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். எழுத்து கலங்கி, பிறகு தெளிந்தது. தோற்றம்: 13.09.1994.

அவருக்கு மட்டும் தெரிந்த தேதி. அவர் வாயால் சொல்லாமல் அது அச்சுக்குப் போயிருக்க வழியே இல்லை. மாமன் கேட்டிருப்பான், அப்பா இவ பொறந்த தேதி என்ன போடட்டும், பதினஞ்சுதானே என்று. அவர் இல்லை என்றிருக்கிறார். பதிமூணு போடு என்றிருக்கிறார். ஏன் என்று அவள் கேட்க வேண்டியதே இல்லை, பதில் தானாக வந்து நின்றது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, செத்தவளுக்கு யார் சாதகம் பார்க்கப் போகிறார்கள். உயிரோடு இருந்தவளுக்காகச் சொன்ன பொய்யை, செத்துப்போனவளுக்காக யோசித்து, நிதானமாக, மெய்யாக்கியிருக்கிறார். இருக்காது, வேறு மாதிரியும் இருக்கலாமே, அவளுக்கு மட்டும் புரியட்டும் என்று போட்டிருக்கலாமே. சாமி, இது நான்தான், என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை, நம்முடைய தேதியைப் போட்டிருக்கிறேன் பார் என்று. அவளுக்குச் சட்டென்று உடம்பெல்லாம் லேசானது. ஆமாம், அப்படித்தான். பதினைந்தாம் தேதிக்காரியைக் கொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பிறகு யோசித்தாள், அப்படியென்றால் கொன்றது பதின்மூன்றாம் தேதிக்காரியை அல்லவா, தேங்காய் பன் தின்றவளை. மறுபடியும் கனத்தது. சேதி என்றால் எட்டு வருடத்தில் இன்னொரு சேதி வராதா? அவர் கையில் போன் இருந்தது, அவள் நம்பர் அதில் விழுந்தது, கால் இருந்தது, டவுனுக்கு வர பஸ் இருந்தது. தப்பான நம்பருங்க. பக்கத்தில் மாமன் நின்றான் என்று யார் பார்த்தார்கள், அவள்தான் கொண்டுபோய் நிறுத்தினாள். எட்டு வருடமாக ஒவ்வொரு இடத்திலும் மாமனைக் கொண்டுபோய் நிறுத்தி வைத்துவிட்டு, அப்புச்சியைப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். அந்த மடையன் லோகநாதன் போஸ்டருக்குத் தன் பேரைக் கொடுத்ததைத் தவிர வேறு என்ன செய்தான். அந்தத் தேதியை ஒளித்து வைக்க அட்டையைக் கொடுத்தவரே எடுத்துச் சுவரில் ஒட்டினார். அதை ஊரெல்லாம் படித்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. புரிய வேண்டியவள் எட்டு வருடம் தோளில் இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு இருபத்தைந்து டவுன் பஸ் வந்து நின்றது. கதவோரத்தில் தொங்கிய கண்டக்டர் அவள் நிற்பதைப் பார்த்து, "ஏறறதுன்னா ஏறுங்க்கா, வண்டி எடுக்கப் போறேன்" என்றான். அவள் கால் ஒரு எட்டு முன்னால் போனது. மாமன் வேண்டாம் என்றிருந்தால் போயிருப்பாள். ஊரே வேண்டாம் என்றிருந்தாலும், கல்லால் அடித்திருந்தாலும் போயிருப்பாள். வேண்டாம் என்றது அப்புச்சி. ரூபனைக் கட்டிக்கொண்ட ஒரே ஒரு காரியத்தைத் தவிர அவர் சொல்லில் எதைத்தான் அவள் மீறியிருக்கிறாள், கண் இழுத்துக்கொண்டு நின்ற ஜடையைக்கூட அவிழ்த்ததில்லை. செத்துப்போ என்று சொல்லியிருக்கிறார். நெய்ப்பந்தம் பிடிக்கச் சொன்ன அதே வாயால். இப்போது போய்ப் புளியமரத்தடியில் நின்றால் அவருக்குத் தெரியும் என்று எதை நம்பி நிற்பது, தெரிந்தாலும் மரியாதையாக, யாருங்க நீங்க என்றல்லவா கேட்பார். கண்டக்டர் விசிலடித்தான். பஸ் போனது. போன பிறகு அவள் சுவரிடம் திரும்பி வந்தாள், நகத்தைப் போஸ்டரின் அந்த வரிக்கு அடியில் கொடுத்தாள். பசை காயாததால் காகிதம் தோல் மாதிரி உரிந்து வந்தது. அவசரப்படவில்லை, முகத்தில் கீறல் விழாமல், விளக்குப் படம் சேதமாகாமல், தோற்றம் என்ற சொல்லை விட்டுவிட்டு எண்களை மட்டும் நீளமாக, நேராக உரித்தெடுத்தாள். தோற்றத்துக்குப் பக்கத்தில் சுவரின் பழைய காவி தெரிந்தது. "ஏனுங்கம்மிணி!" என்று பெட்டிக்கடைக்காரர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார். "செத்தவங்க போஸ்டரப் போயிக் கிழிக்கறீங்களே, பாவமுங்க. லோகநாதன் ஆளுக பாத்தா என்னைய அல்ல கேப்பாங்க." "என்ற அப்புச்சிங்கண்ணா" என்றாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை வெளியில், இன்னொருத்தர் காதில் படும்படி சொல்கிறாள். வாய் கசந்தது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார், மஞ்சள் சுடிதார், சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. "அட சாமி. அப்ப பேத்தியாளா? பதினோரு மணிக்கு எடுக்கறாங்களே, நெய்ப்பந்தம் புடிக்கோணுமே, போகலீங்களா?" "நான் முந்தியே செத்துட்டேனுங்க" என்றாள். "எனக்கு அவருதான் போஸ்டர் அடிச்சாரு." அவர் சுவரில் தூக்கிக்கொண்டு நின்ற காகித ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டு, கடைக்குத் திரும்பிப் போனார். வேன் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்த மும்தாஜ் நகர்ந்து உட்கார்ந்து, "கையெல்லாம் என்னக்கா பசை?" என்றாள். "செவுத்துல சாஞ்சுட்டேன்" என்றாள் கோகிலவாணி. பதினோரு மணிக்கு அவள் டேபிளில் நிற்பாள், மெரூன் முடிந்து நீலம் வந்திருக்கும். அங்கே மாமன் பையன்கள் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு புகைக்குக் கண்ணைக் கசக்குவார்கள். அழுகை அப்போதுதான் வந்தது, வேன் குலுங்கலில் யாருக்கும் தெரியாமல், அவருக்காக அழுகிறாளா அவர்மேல் உள்ள ஆத்திரத்தில் அழுகிறாளா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியாமல். விரல்களில் பசை காய்ந்து தோலை இழுத்தது. மடியில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அந்தத் துண்டுக் காகிதம் சுருண்டு கிடந்தது. பிறந்த நாள் இல்லாமல் வந்தவர், பிறந்த நாள் இல்லாமலே போகட்டும். அந்தத் தேதி இனிமேல் அவள் ஒருத்திக்குத்தான்.